அந்த ஃபார்ம்ல எங்க பதில் இல்லீங்க

எங்க பள்ளிக்கூடத்தோட பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவருக்கும், கமிட்டிக்காரங்களுக்கும், தாளாளர் ஐயாவுக்கும்,

தீபாவளி முடிஞ்ச கையோட குரூப்ல ஒரு மெசேஜ் போட்டீங்க. "பெரும்பான்மை பெற்றோரின் விருப்பப்படி 1 முதல் 5 வரையிலான வகுப்புகளுக்கு பொங்கல் வரை ஆன்லைன் வகுப்பே தொடரும்." நாலஞ்சு பேரு கும்பிடு போட்டாங்க, ஒருத்தர் மட்டும் "எப்படி முடிவு பண்ணீங்க?"ன்னு கேட்டாரு. அவ்வளவுதான், அட்மின் மட்டுந்தான் மெசேஜ் போட முடியும்னு செட்டிங்க மாத்திட்டீங்க. அங்க பேச வழியில்லாததால இங்க எழுதறேன். பள்ளிக்கூடத்துப் பேரையோ யாரு பேரையோ எழுதப் போறதில்ல. திருப்பூர்ல எங்க ஏரியாக்காரங்களுக்கு எந்த ஸ்கூல்னு தெரியும், தெரியாதவங்களுக்குத் தெரிய வேண்டியதும் இல்ல.

கொரோனாவுக்காக மூடுன ஸ்கூலை இந்த 2021 நவம்பர் 1ல இருந்து ஒண்ணாவது முதல் எட்டாவது வரைக்கும் தொறக்கலாம்னு அரசாங்கம் சொல்லிருச்சு. யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது, பெத்தவங்க சம்மதம் வேணும், இஷ்டமிருந்தா அனுப்பலாம், இல்லாட்டி வீட்டுலயே படிக்கலாம்னும் சொல்லிருச்சு. ஆக கதவு தொறந்திருக்கு. அதைச் சின்னப் பசங்களுக்கு மட்டும் உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டது நீங்கதான், அதுவும் எங்க பேரைச் சொல்லி. பெரும்பான்மை பெற்றோர்னு சொன்னீங்க பாருங்க, அதைத்தான் கேக்கணும்.

பசங்களை அனுப்பறீங்களா இல்லையான்னு எங்ககிட்ட கேக்க நீங்க அனுப்புன அந்தக் கூகுள் ஃபார்ம் வந்தது ஒரு வேலை நாள் காலைல பத்து மணிக்கு மேல. மூடுனது அன்னைக்கே சாயங்காலம் அஞ்சு மணிக்கு. நான் பனியன் கம்பெனியில செக்கிங் செக்சன்ல இருக்கேன், எங்க வீட்டுக்காரர் பவர் டேபிள் டெய்லர். அவரு ஃபுளோருக்குள்ள போன் கொண்டு போகக் கூடாது, கேட்டுல செக்யூரிட்டிகிட்ட குடுத்துட்டுத்தான் போகணும். என் போன் எங்க இருந்துச்சுன்னு கேக்கறீங்களா, வீட்டுல என் பொண்ணு கையில, உங்க ஆன்லைன் கிளாஸ்ல இருந்துச்சு. கிளாஸ் நடக்கறப்ப மேல வேற மெசேஜ் வந்தா தள்ளி விட்டுரு சாமின்னு நாங்கதான் பழக்கி வெச்சிருக்கோம், அது ஒழுங்காத் தள்ளி விட்டுருச்சு. ராத்திரி எட்டு மணிக்கு மேல ஒன்றரை ஷிப்ட் முடிச்சு வந்து பாத்தா, இனிமே பதில் வாங்க மாட்டோம்னு ஃபார்ம் சொல்லுது. எங்க செக்சன்லயே இதே ஸ்கூல்ல பசங்களைச் சேர்த்திருக்கறவங்க இன்னும் சில பேரு இருக்காங்க, விசாரிச்சேன், ஒருத்தரு கூட ஃபார்ம் போடல. ஒரு அக்கா அப்படி ஒண்ணு வந்ததே தெரியாதுன்னுட்டாங்க.

யாரு பதில் போட்டிருப்பாங்கன்னு யோசிங்க. பகல்ல கையில தனியா ஒரு போன் இருக்கறவங்க, வீட்டுல பசங்க கூட ஒரு பெரியவங்க உக்காந்திருக்கறவங்க, அதாவது ஆன்லைன் கிளாஸ் ஓரளவுக்காவது ஓடற வீடு. எந்த வீட்டுல ஓடலையோ, எவங்களுக்கு ஸ்கூல் அவசரமாத் தொறக்கணுமோ, அந்த வீட்டுக்கு ஃபார்மும் எட்டாது. மொத்தம் எத்தனை பேருக்கு அனுப்புனீங்க, எத்தனை பேரு பதில் போட்டாங்கன்னு உங்க மெசேஜ்ல எங்கயும் இல்ல. முக்கால்வாசிப் பேரு வேண்டாம்னாங்கன்னு வாய்ல சொல்றீங்க, எதுல முக்கால்வாசி?

கேள்வி வேற எப்படி இருந்துச்சுன்னு பாருங்க, ஸ்கிரீன்ஷாட் ஒருத்தர்கிட்ட வாங்கிப் பாத்தேன். ரெண்டே ரெண்டு பட்டன். ஒண்ணு, "என் குழந்தைக்குத் தொற்று ஏற்பட்டால் முழுப் பொறுப்பும் என்னுடையது, பள்ளி பொறுப்பல்ல என்று ஏற்று நேரடி வகுப்புக்கு அனுப்பச் சம்மதிக்கிறேன்." இன்னொண்ணு, "குழந்தையின் பாதுகாப்பு கருதி ஆன்லைன் வகுப்பையே விரும்புகிறேன்." ஏனுங்க, இப்படிக் கேட்டா யாருதான் முதல் பட்டனை அமுக்குவா? நானே கை நடுங்கியிருப்பேன். வாரத்துல ரெண்டு மூணு நாள், பாதிப் பாதிப் பசங்களா, காலைல மட்டும்னு ஒரு மூணாவது பட்டன் வெச்சிருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும்?

ஃபார்ம்தான் ஒரே வழி, வேற எப்படிக் கேக்கறதுன்னு சொல்லாதீங்க. ஃபீஸ் பாக்கின்னா ஆபீஸ்ல இருந்து ராத்திரி எட்டு மணிக்கு மேல கரெக்டா போன் வருதுங்களே, அப்பத்தான் நாங்க வீட்டுல இருப்போம்னு அங்க யாருக்கோ நல்லாத் தெரிஞ்சிருக்கு. போன வருசம் ஐகோர்ட் 75 சதவீதம் வாங்கிக்கலாம்னு சொன்னப்ப ஒரு வீடு விடாமக் கூப்பிட்டுச் சொன்னீங்க. நாங்களும் பாதி சம்பளத்துல, சீட்டுப் பணத்தை எடுத்துக் கட்டுனோம். அதுல எனக்கு வருத்தமில்ல, மிஸ்ஸுங்களுக்குச் சம்பளம் குடுக்கணும்ல. ஆனா அதே போனை இதுக்கும் எடுத்திருக்கலாம்.

இப்ப என் பொண்ணு கதைக்கு வர்றேன். 2020 மார்ச்ல ஸ்கூல் மூடுனப்ப அவ யூகேஜி. இப்ப ரெண்டாவது. ஒண்ணாவது வகுப்புன்னு ஒரு ரூமை அவ பாத்ததே இல்ல, அந்த மிஸ்ஸோட முழு மூஞ்சியையும் பாத்ததில்ல. பெரிய பசங்களுக்கு நடு நடுவுல கொஞ்சமாச்சும் கிடைச்சுது, 2021 ஜனவரி 19ல பத்தும் பன்னெண்டும் வந்தாங்க, பிப்ரவரி 8ல ஒன்பதும் பதினொண்ணும், மார்ச்ல மறுபடி மூடுனாங்க, செப்டம்பர் 1ல ஒன்பதுல இருந்து பன்னெண்டு வரைக்கும் தொறந்தாங்க. சின்னதுங்களுக்கு இந்தக் கிட்டத்தட்ட இருபது மாசமும் ஒரு நாள் கூட கிடையாது. எழுத்து கூட்டத் தெரியாத வயசுப் பசங்களைத்தான் யாரு துணையுமில்லாம ரொம்ப நாள் விட்டிருக்கோம்.

ஒரு விசயம் சொல்றேன், இதை எந்த மிஸ்ஸும் கவனிச்சிருக்க வழியில்ல, நானே ஒரு லீவு நாள் பக்கத்துல உக்காந்தப்பதான் பாத்தேன். எழுதினதைக் கேமராவுக்குக் காட்டுங்கன்னு மிஸ் சொல்றாங்க. இவ நோட்டைத் தூக்கிக் காட்டறா. போன்ல நம்ம பக்கம் தெரியற படம் கண்ணாடி மாதிரி இடம் வலம் மாறித் தெரியும் இல்லீங்களா, இவ எழுதின 'க' திரையில தலை திரும்பித் தெரியுது. உடனே தப்பா எழுதிட்டோம்னு நினைச்சு ரப்பர் எடுத்து அழிச்சுட்டு, திரையில சரியாத் தெரியற மாதிரி திருப்பிப் போட்டு எழுதறா. எழுதிட்டுத் திரும்பத் தூக்கிக் காட்டறா, இப்பத் திரையில நல்லா இருக்கு, அவளுக்கு ஒரே சந்தோசம். அந்தப் பக்கம் மிஸ்ஸுக்குத் திரும்பின 'க' தெரியுது, ஆனா நாப்பது சின்னக் கட்டம் இருக்கற திரையில அவங்க எதைத்தான் பாப்பாங்க, குட் குட்னு சொல்லிட்டு அடுத்த புள்ளைக்குப் போயிட்டாங்க. நோட்டைப் பின்னாடி புரட்டிப் பாத்தா பல பக்கத்துல இதே அழிச்சல்தான், சில பக்கம் தாள் கிழிஞ்சே போச்சு. கிளாஸ்ரூம்ல இருந்திருந்தா மிஸ் பக்கத்துல வந்து கையைப் பிடிச்சு ஒரு தடவை எழுத வெச்சிருப்பாங்க, ஒரு நிமிசத்துல முடிஞ்சிருக்கும்.

மிஸ்ஸைக் குறை சொல்லலீங்க. அவங்க காலி கிளாஸ்ரூம்ல தனியா உக்காந்து போனைப் பாத்துக் கத்திக்கிட்டு இருக்காங்கன்னு எனக்குத் தெரியும்.

நாங்க இருக்கறது லைன் வீடு. காம்பவுண்டுக்குள்ள ஒன்பது வயசுப் பையன் ஒருத்தன், அவனும் நம்ம ஸ்கூல்தான். அவங்கம்மா கம்பெனியில இருந்து தைச்ச பனியன் பீஸ் வாங்கிட்டு வந்து வீட்டுல நூல் பிசிர் வெட்டித் தர்றாங்க. பையன் ஒரு காதுல ஹெட்செட்டை மாட்டிக்கிட்டு கிளாஸைக் கேட்டுக்கிட்டே கையில டிரிம்மரை வெச்சு பிசிர் வெட்டுவான், வீடியோ ஆஃப், பேரைக் கூப்பிட்டா மட்டும் "பிரசன்ட் மிஸ்"ம்பான். வருகைப் பதிவேட்டுல அவன் நூத்துக்கு நூறு. வேகமாத்தான் வெட்டறான், அதுதான் எனக்குப் பயமா இருக்கு. இந்த ஊர்ல பனியன் கம்பெனிக்குக் கைமடிக்கிற வேலைக்குப் போன பையன் திரும்பப் புஸ்தகத்தை எடுக்கறது எவ்வளவு கஷ்டம்னு இங்க வளந்த உங்களுக்கு நான் சொல்லணுமா? எதிர் வரிசை வீட்டுப் பையனை ஃபீஸ் கட்ட முடியாம டிசி வாங்கி அரசுப் பள்ளியில போட்டாங்க. இந்த ரெண்டு வருசத்துல அப்படிப் போனவங்க தமிழ்நாட்டுல லட்சக்கணக்குல. மழை லீவு விட்ட நாள் போக அவன் இப்ப ஸ்கூலுக்குப் போறான், திரும்பி வந்து சத்துணவுல முட்டை போட்டாங்கன்னு கதை சொல்றான், என் பொண்ணு என்னைப் பாத்து "நான் எப்பம்மா?"ங்கறா. அரசுப் பள்ளிப் பசங்களுக்கு இல்லம் தேடிக் கல்வின்னு சாயங்காலம் அஞ்சுல இருந்து ஏழு வரைக்கும் தன்னார்வலர்களை வெச்சு கிளாஸ் எடுக்கப் போறாங்க, போன மாசம் தொடங்கி வெச்சிருக்காங்க. காசு கட்டற எங்க பசங்களுக்கு ரெண்டும் இல்ல.

இது எங்க காம்பவுண்டு கதை மட்டுமில்ல. செப்டம்பர்ல பொருளாதார அறிஞர் ஜீன் டிரேஸ் எல்லாம் சேர்ந்து 15 மாநிலம், யூனியன் பிரதேசத்துல, வசதி குறைஞ்ச குடும்பத்துப் பசங்களை விசாரிச்சு ஒரு அறிக்கை விட்டாங்க, தமிழ்நாடும் அதுல இருக்கு. கிராமத்துப் பசங்கள்ல ஒழுங்கா ஆன்லைன்ல படிக்கறது 8 சதவீதம்தான், 37 சதவீதம் பசங்க படிக்கறதே இல்லன்னு வந்துச்சு. நம்மது டவுனு, பிரைவேட் ஸ்கூலு, அவ்வளவு மோசமா இருக்காதுதான். ஆனா எவ்வளவு மோசம்னு நீங்க என்னைக்காவது கணக்கெடுத்தீங்களா?

பயப்படற பெத்தவங்களை நான் கேலி பண்ண மாட்டேன். இந்த மே மாசம் நம்ம பக்கம் எப்படி இருந்துச்சுன்னு எனக்கும் தெரியும், கோயமுத்தூர் தினசரி கேஸ்ல மெட்ராஸையே தாண்டுச்சு, இங்க பெட்டுக்கு அலைஞ்சோம். எங்க கம்பெனி கட்டிங் மாஸ்டர் ஆம்புலன்ஸ்ல காத்துக் கிடந்தே போயிட்டாரு, அவரு பையனும் நம்ம ஸ்கூல்தான். அந்த அம்மா இப்ப அனுப்ப மாட்டேன்னா யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. வீட்டுல டயாலிசிஸ்ல பாட்டி இருக்கறவங்க, வீசிங் இருக்கற புள்ளையைப் பெத்தவங்க, இவங்க எல்லாம் ஆன்லைன்லயே இருக்கட்டும், அவங்களுக்கு லிங்க் நிக்கக் கூடாதுன்னு நானும் சேர்ந்து கேப்பேன். ஆனா அவங்க பயத்தை எல்லாரோட முடிவா எழுதறது எந்த நியாயம்?

தடுப்பூசி வரட்டும்னு நிறையப் பேரு சொல்றாங்க. யாருக்கு வரட்டும்? ஆகஸ்ட்ல அனுமதி குடுத்த சைகோவ்-டி ஊசி 12 வயசும் அதுக்கு மேலயும்தான். கோவாக்சினை 2 வயசுல இருந்து போடலாம்னு அக்டோபர்ல நிபுணர் குழு பரிந்துரை பண்ணியிருக்கு, இன்னும் ஊசி கைக்கு வரல, வந்தாலும் முதல்ல பெரிய பசங்களுக்குத்தான் போடுவாங்க, ஏழு வயசுப் புள்ளையோட முறை எப்ப வரும்? நான் ப்ளஸ் டூவோட நின்னவ, டாக்டர் இல்ல. ஆனா ஜூலையில ஐசிஎம்ஆர்ங்கற மத்திய அரசு மருத்துவ ஆராய்ச்சி அமைப்போட சர்வே பேப்பர்ல வந்ததைப் படிச்சேன், நாட்டுல மூணுல ரெண்டு பங்கு பேருக்கு ஏற்கனவே எதிர்ப்பு சக்தி வந்திருக்கு, 6ல இருந்து 9 வயசுப் பசங்கள்லயே 57.2 சதவீதம். அதாவது நாம வீட்டுலயே பூட்டி வெச்சிருந்தும் பாதிக்கு மேல பசங்களுக்கு வந்துட்டுப் போயிருக்கு, பல பேருக்கு வந்ததே தெரியல. அன்னைக்கு ஐசிஎம்ஆர் தலைவர் பல்ராம் பார்கவா சொன்னது, தொறக்கறதா இருந்தா ஆரம்பப் பள்ளியை முதல்ல தொறக்கறதுதான் புத்திசாலித்தனம், சின்னப் பசங்க பெரியவங்களை விட வைரஸை நல்லாத் தாங்குவாங்க, ஆனா ஸ்கூல்ல வேலை பாக்கறவங்க எல்லாரும் ஊசி போட்டிருக்கணும்னு. டென்மார்க்ல 2020 ஏப்ரல்லயே சின்ன வகுப்புகளைத்தான் முதல்ல தொறந்தாங்க. நாம இங்க தலைகீழாப் பண்ணிட்டு இருக்கோம், பப்ளிக் எக்ஸாம் இருக்கற பசங்கதான் பசங்க, மத்ததெல்லாம் பரவால்லன்னு.

இன்னொண்ணு, சொல்லாம இருக்க முடியல. எந்த நவம்பர் 1ல ஸ்கூல் தொறக்கலாம்னு அரசாங்கம் சொல்லுச்சோ அதே நவம்பர் 1ல இருந்து சினிமா தியேட்டர் நூறு சதவீத சீட்டோட ஓடுது. தீபாவளிக்கு முந்தின ஞாயித்துக்கிழமை காதர்பேட்டையிலயும் குமரன் ரோட்டுலயும் கால் வைக்க இடமில்ல, அங்க நம்ம குரூப்காரங்க எத்தனை பேரைக் குழந்தையோட பாத்தேன், யாரு மாஸ்க் போட்டிருந்தா? போகட்டும், புதுத்துணி வாங்காம எப்படி. ஆனா அந்தக் கூட்டத்துக்குக் கூட்டிட்டுப் போலாம்னா, ஜன்னல் தொறந்த ரூம்ல இருபது பசங்க தள்ளித் தள்ளி உக்காரலாம்.

இன்னைக்கு நவம்பர் 14. காலைல குரூப்ல குழந்தைகள் தின வாழ்த்தும், ஜூம்ல ஃபேன்சி டிரஸ் போட்டி, நேரு வேசத்துக்கு ரோசாப்பூ கட்டாயம்னும் போட்டிருக்கீங்க. நல்லது. நாங்க கேக்கறதையும் கொஞ்சம் கேளுங்க.

அந்த ஃபார்ம் முடிவை ரத்து பண்ணுங்க. வர்ற ஞாயித்துக்கிழமை, 21ஆம் தேதி, கம்பெனிகளுக்கு லீவு, அன்னைக்கு ஸ்கூல் கிரவுண்டுல பெத்தவங்க கூட்டம் போடுங்க. போன வருசம் நவம்பர் 9ல ஒன்பதுல இருந்து பன்னெண்டு வரைக்கும் தொறக்கறதைப் பத்தி அரசாங்கமே ஸ்கூலுக்குப் பெத்தவங்களை நேர்ல வரச் சொல்லிக் கருத்து கேட்டுச்சு, அதனால முடியாதுங்கறதுக்கு இல்ல. அன்னைக்கு வர முடியாதவங்களுக்கு ஃபீஸுக்குக் கூப்பிடற அதே நேரத்துல, அதே போன்ல கூப்பிட்டுக் கேளுங்க. எத்தனை குடும்பத்தைக் கேட்டீங்க, எத்தனை பதில் வந்துச்சு, எதுக்கு எத்தனைன்னு நோட்டீஸ் போர்டுல ஒட்டுங்க.

முழுப் பொறுப்பும் என்னுதுன்னு எழுதி வாங்கற அந்த வாசகத்தை எடுங்க. சம்மதக் கடிதம் எழுதித் தர்றோம், உங்க பொறுப்பையும் சேர்த்து எங்க தலையில ஏத்திக்க மாட்டோம்.

முடிவு எப்படி வந்தாலும் அனுப்ப விரும்பறவங்களுக்குத் தொறந்து விடுங்க, விரும்பாதவங்களுக்கு ஆன்லைன் நிக்கக் கூடாது. ஒண்ணாவதையும் ரெண்டாவதையும் முதல்ல கூப்பிடுங்க, இருபது இருபது பேரா, ஒரு நாள் விட்டு ஒரு நாள், மதியச் சாப்பாடு இல்லாம காலைல மட்டும் இருந்தாக்கூட போதும். ஸ்மார்ட் கிளாஸுக்குன்னு போட்ட ஏசியை ஆஃப் பண்ணிட்டு ஜன்னலைத் தொறங்க. மழை இல்லாத நாள்ல அந்த ப்ரேயர் ஷெட்டுலயே உக்கார வைக்கலாம், மூணு பக்கமும் காத்து வருது. மிஸ்ஸுங்க, ஆயாம்மா, வேன் டிரைவர் எல்லாரும் ரெண்டு டோஸ் போட்டாச்சான்னு எழுதி ஒட்டுங்க. பாத்ரூமுக்குத் தண்ணியும் சோப்பும் இருக்கான்னு தொறக்கறதுக்கு முன்னாடி பெத்தவங்கள்ல ரெண்டு பேரை உள்ள விட்டுப் பாக்க விடுங்க, நான் வர்றேன்.

ஒரு புள்ளைக்குப் பாசிட்டிவ் வந்தா அந்த வகுப்புக்கு மட்டும் லீவு விடுங்க, மொத்த ஸ்கூலையும் மூடாதீங்க, மூடி மறைக்கவும் செய்யாதீங்க, அன்னைக்கே எங்களுக்குச் சொல்லுங்க.

வந்த உடனே ரெண்டாவது புஸ்தகத்துல எட்டாவது பாடம்னு ஓட்டாதீங்க. மொதல் ஒரு மாசம் சிலபஸ் வேண்டாம், டெஸ்ட் வேண்டாம். ஒவ்வொரு புள்ளையும் எங்க நிக்குதுன்னு பக்கத்துல உக்காந்து பாருங்க, எழுத்து திரும்பி வருதான்னு பாருங்க, பிசிர் வெட்டிக்கிட்டே பிரசன்ட் சொன்ன பையன் எத்தனை பேருன்னு பாருங்க.

கடைசியா, குரூப்ல அந்த செட்டிங்க மாத்தி விடுங்க. 21ஆம் தேதி கூட்டம் உண்டா இல்லையான்னு இந்த வியாழக்கிழமைக்குள்ள சொல்லுங்க, ராத்திரி எட்டு மணிக்கு மேல போட்டீங்கன்னா எங்க எல்லாருக்கும் வந்து சேரும். பதில் வரலைன்னா எங்க செக்சன்ல இருக்கறவங்களும் காம்பவுண்டுக்காரங்களும் கையெழுத்துப் போட்ட பேப்பரோட, திங்கக்கிழமை அரை நாள் லீவு போட்டு முதன்மைக் கல்வி அலுவலரைப் போய்ப் பாக்கறதா இருக்கோம்.

இப்படிக்கு,
ரெண்டாம் வகுப்பு படிக்கற ஒரு பொண்ணோட அம்மா,
திருப்பூர், 14.11.2021